555 புத்தகத்தில் எங்கள் பக்கம்: சுங்கை சிப்புட்டின் ஒரு மளிகைக் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பம் முதல் வாரச் சாமான்களை எங்கே வாங்குவது என்று என்னிடம் கேட்டால், பேரங்காடிக்குப் போவதற்கு முன் பழைய கடைவரிசையில் இருக்கும் இந்த மளிகைக் கடையில் ஒருமுறை ஏறி இறங்குங்கள் என்றுதான் சொல்வேன். விலை மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. பருப்பும் பெருங்காயமும் இங்கே மற்ற இடங்களைவிடக் கூடுதல் விலைதான். கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்காமல், 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று மறுக்கத் தெரிந்த கடைக்காரரை இங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் பல காலம் ஆகிவிட்டதால் ஊராரும் அதைச் சொல்வதில்லை. 'தேங்காய்க் கடை' என்றால் எல்லாருக்கும் தெரிகிறது.

நானும் என் கணவரும் துறையூர்ப் பக்கத்துக்காரர்கள். திருமணமாகி ஐம்பது நாள்கூட நிறையாத நிலையில், ஈப்போவுக்கு அருகே ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக அவருக்கு வேலை கிடைத்தது. திருச்சியில் விமானம் ஏறிக் கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து மின்ரயிலில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஈப்போவில் வாடகை கட்டுப்படியாகாது என்று அவருடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னதால் இங்கே வீடு பார்த்தோம். மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையின் மேல், சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது இந்த நத்தை ஆறு. தோட்டங்களைச் சார்ந்தே வளர்ந்த ஊர் என்பதால், கடைத்தெருவில் காதில் விழும் பேச்சில் பாதி தமிழாகவே இருக்கிறது.

வீட்டு வாடகை மாதம் 650 வெள்ளி. இந்த ஊர்த் தமிழில் ரிங்கிட் என்று யாரும் சொல்வதில்லை, வெள்ளிதான். முதல் நாள் ஒருவர் 'பத்து வெள்ளிம்மா' என்றதும், பத்து வெள்ளிக்கிழமைகளில் தவணையாகக் கட்டச் சொல்கிறார் போலும் என்று நான் திகைத்து நின்றதைக் கணவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். வீட்டு உரிமையாளர் இந்நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகையும், ஒரு மாத முன்வாடகையும், தண்ணீர் மின்சாரத்துக்கென அரை மாத வாடகையும் கேட்டார். ஆக 2,275 வெள்ளி ஒரே நாளில் கையை விட்டுப் போயிற்று. மிச்சம் இருந்தது 180 வெள்ளி. சம்பளம் வர இருபத்து மூன்று நாள் இருந்தது. வங்கிக் கணக்கு அதுவரை திறக்கப்படவில்லை. கடைக்குக் கடை கைப்பேசியில் காட்டிப் பணம் செலுத்தும் கியூஆர் கட்டம் ஒட்டியிருக்கிறதே தவிர, கணக்கில்லாதவருக்கு அது சுவரில் தொங்கும் கோலம். நான் கணவரைச் சார்ந்தவள் என்ற அனுமதியில் வந்திருப்பதால், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சுக்கும் இப்போதைக்கு இடமில்லை. இந்தக் கடையை நான் எடைபோட்டது இப்படிப்பட்ட நிலையில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு, பால் வாங்கலாம் என்று வெளியே வந்தால் கும்மிருட்டு. கடிகாரத்தைத் தவறாகத் திருப்பிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். ஊரில் அப்போது நான்கு மணி. இரண்டரை மணி நேர வித்தியாசம் என்று தெரிந்தே வந்திருந்தாலும், ஏழு மணி தாண்டித்தான் இங்கே வெயில் எட்டிப் பார்க்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த இருட்டில் விளக்கெரிந்த ஒரே கடை இதுதான். கல்லாவில் அறுபது வயதைத் தாண்டியவர் ஒருவர், பனியனும் கைலியுமாக உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பசியாறிட்டீங்களாம்மா?" என்றார். முன்பின் தெரியாதவர் இப்படிக் கேட்கிறாரே என்று கூச்சமாக இருந்தது. காலை உணவை இங்கே பசியாறுதல் என்பார்கள் என்பதும், அது 'சௌக்கியமா' என்பதற்குச் சமமான விசாரிப்பு என்பதும் பிறகுதான் புரிந்தன. சூரியனைப் பற்றிக் கேட்டேன். 1982-ஆம் ஆண்டு பிறந்த அன்று நாட்டின் இந்தப் பகுதி தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டதாகவும், தாம் அப்போது பள்ளி முடித்த இளைஞர் என்றும், அன்று முதல் தமக்கு அரை மணித் தூக்கம் பாக்கியிருப்பதாகவும் சொன்னார்.

பால் கேட்டதற்கு முதல் மறுப்பு வந்தது. பொட்டலப் பால் பேரங்காடியில்தான் நன்றாக இருக்கும், என்னிடம் இருப்பது டின் பால், இங்கே டீக்கு அதுதான் போடுவோம், ஆனால் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முதல் நாளே நாக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் கூம்பு வடிவில் அடுக்கியிருந்த நாசி லெமாக் பொட்டலங்களில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். பொட்டலம் 2 வெள்ளி. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே செக்கச் சிவந்த சம்பல், பொரித்த நெத்திலி, நிலக்கடலை, ஒரு துண்டு வெள்ளரிக்காய், கால் முட்டை. வாழையிலையைப் பிரித்தபோது எழுந்த பண்டான் இலை மணம் அந்த வெறும் வீட்டை நிரப்பியது. பாத்திரம் இல்லாத வீட்டில் எங்கள் முதல் சாப்பாடு அதுதான். சம்பலில் இனிப்பு தூக்கலாக இருந்தது. என் கணவருக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சடி என்று இங்கே அழைக்கப்படும் முன்நடையில் வெங்காய மூட்டை, உருளைக்கிழங்குக் கூடை, துடைப்பங்கள், மண் அகல்கள். உள்ளே போனால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அளவுக்குச் சந்து. இடப்பக்கம் பருப்பு, அரிசி, மாவு வகைகள். வலப்பக்கம் சாம்பிராணி, கற்பூரம், பூசைச் சாமான், அவற்றுக்கு மேல் பிளாஸ்டிக் வாளிகள். கோடியில் தேங்காய் துருவும் இயந்திரம். கடைக்கு ஊர் வைத்த பெயருக்கு அதுவே காரணம். மட்டை உரித்த தேங்காயைக் கடைக்காரரின் மனைவி கத்தியின் முதுகால் ஒரே அடியில் பிளந்து, நீரை ஒரு வாளியில் வடித்து, சுழலும் பல்லில் மூடியை அழுத்துகிறார். அரை நிமிடத்துக்குள் பொலபொலவென்று பூ விழுகிறது. ஓட்டை நெருங்கும்போது இயந்திரத்தின் சத்தம் மாறுகிறது. அந்தச் சத்தம் மாறும் கணத்தில் கையை எடுத்துவிடுகிறார். அதனால் துருவலில் ஒரு துளிப் பழுப்பும் கலப்பதில்லை. சட்னிக்கு என்றால் பூவாகவும், குழம்புக்கு என்றால் பிழிந்த பாலாகவும் கொடுக்கிறார். தேங்காய் விஷயத்தில் இந்தக் கடைக்கு ஈடாக எதையும் நான் இந்த ஊரில் பார்க்கவில்லை. ஆனால் காலை பத்து மணிக்குமேல் போனால் இயந்திரத்தைக் கழுவித் துணி போட்டு மூடியிருப்பார்கள்.

இனி மிக்சிக் கதை. அம்மா வீட்டுச் சீரில் வந்த மிக்சியை, துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். இந்நாட்டுச் சுவர்ப் பிளக் துளைகள் செவ்வகம், நம் ஊர் முளைகள் உருண்டை. இது எனக்குத் தெரிந்திருந்ததால் வழியில் ஓரிடத்தில் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லப்பட்ட மாற்றி ஒன்றை 15 வெள்ளி கொடுத்து வாங்கி வந்தோம். இரண்டாம் நாள் இட்லிக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருக்கும்போது அது உருகி நாற்றமெடுத்தது. அதே மாதிரி வேறொன்று இருக்கிறதா என்று இந்தக் கடையில் போய்க் கேட்டேன். இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியதை நானே பார்த்தேன். கைப்பேசிக்கு மட்டும்தான் அதைக் கொடுப்பேன், அரைக்கிற இயந்திரத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மிக்சியைக் கொண்டுவரச் சொல்லி, பழைய முளையை வெட்டி எறிந்துவிட்டு, 13 ஆம்பியர் மூன்று முளைப் பிளக் ஒன்றைத் திருகாணி கழற்றித் திறந்து காட்டினார். பழுப்புக் கம்பி வலப்பக்கம், நீலம் இடப்பக்கம், பச்சையும் மஞ்சளும் கலந்தது மேலே உள்ள நீண்ட முளைக்கு. உள்ளேயே ஒரு சிறு உருகி (ஃபியூஸ்), அதிகச் சுமை வந்தால் வீடு தப்பி இது மட்டும் போகும். மின்னழுத்தம் இரு நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இயந்திரத்துக்கு எதுவும் ஆகாது என்றார். பிளக்கும் கூலியும் சேர்த்து 6 வெள்ளி. சிலர் மேல் துளையில் பேனாவைச் செருகித் திறந்துகொண்டு இரு முளைப் பிளக்கை உள்ளே தள்ளுகிறார்கள், அந்த வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள் என்றும் எச்சரித்தார். நாங்கள் அதற்கு முந்திய இரவு கைப்பேசிக்கு அதைத்தான் செய்திருந்தோம். நான் வாய் திறக்கவில்லை.

எண்ணெயிலும் ஒரு மறுப்பு. அலமாரியில் ஒரு கிலோ செம்பனை எண்ணெய்ப் பொட்டலங்கள் 2.50 வெள்ளி என்று அச்சிட்ட விலையுடன் அடுக்கியிருந்தன. துறையூரில் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிப் பழகிய பாமாயிலின் தாய்வீட்டுக்கே வந்துவிட்டோம் என்று மகிழ்ந்து இரண்டைத் தூக்கினேன். அவர் மெதுவாக வாங்கி மீண்டும் அடுக்கினார். அரசு மானியம் கொடுத்து விற்கும் எண்ணெய், இந்நாட்டுக் குடிமக்களுக்கானது, நீங்கள் போத்தல் எண்ணெய் எடுங்கள் என்றார். போத்தலின் விலை அதைவிட வெகுவாகக் கூடுதல். கையில் பணமில்லாத நேரத்தில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது; ஆனால் அவர் விற்றிருந்தால் நான் எதுவும் தெரியாமல் வாங்கிப் போயிருப்பேன், வெளியில் யாராவது கேட்டிருந்தால் கூசிப்போயிருப்பேன். சீனிக்கும் அரசு விலைதான், சாதாரணச் சீனி கிலோ 2.85 வெள்ளி.

சமையல் எரிவாயு எங்களுக்கு வியப்பளித்தது. கேஸ் தோங் என்று இங்கே சொல்லப்படும் உருளையில் 14 கிலோ இருக்கிறது. மானிய விலை கிலோ 1.90 வெள்ளி, ஆக 26.60 வெள்ளி, அதற்குமேல் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி. நம் ஊரில் இணைப்புக்கு மனுக் கொடுத்து, புத்தகம் வாங்கி, பதிவு செய்து, குறுஞ்செய்திக்குக் காத்திருக்கும் சடங்கு எதுவும் இல்லை. முதல் முறை உருளைக்கு மட்டும் ஒரு வைப்புத்தொகை. பிறகு தொலைபேசியில் சொன்னால் அரை மணி நேரத்தில் கடைப் பையன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, பழையதை எடுத்துப் புதியதை மாட்டி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்துவிட்டுப் போகிறான். நுரை தடவிப் பார்ப்பதற்கு அவன் ஒருநாளும் சோம்பியதில்லை.

இப்போது 555 புத்தகத்துக்கு வருகிறேன். உள்ளங்கை அளவே இருக்கும், அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகம். மலேசியாவின் சிறு கடைகளில் கடன் கணக்கு எழுதவென்றே பிறந்தது போல அது ஊரறிந்த பொருளாக இருக்கிறது. எங்கள் 180 வெள்ளி 40 ஆகச் சுருங்கிய ஐந்தாம் நாள், அரிசியை எடுத்து வைத்துவிட்டுப் பருப்பைத் திருப்பி அலமாரியில் வைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கல்லாவுக்குக் கீழிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து, என் கணவர் பெயரைக் கேட்டு எழுதி, அடைப்புக்குள் 'துறையூர்' என்று சேர்த்து, பருப்பையும் அரிசியோடு கட்டிக் கொடுத்தார். அடையாள அட்டையைக் கேட்கவில்லை, கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு முறையும் தொகையை நானே என் கையால் எழுத வேண்டும், அவர் பக்கத்தில் ஒரு சுழி போடுவார். வாங்குபவர் எழுதினால்தான் மாதக் கடைசியில் பேச்சு வராது என்பது அவர் கணக்கு. மற்றொன்றும் கவனித்தேன். புகையிலைக்கும் சிகரெட்டுக்கும் அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அவை ரொக்கத்துக்கு மட்டும்.

இந்தப் பழக்கம் அவர் தந்தையின் காலத்திலிருந்து வருகிறதாம். அப்போது கடைக்கு வந்தவர்கள் சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டத்தார். சம்பள நாளுக்குச் சம்பள நாள் கணக்குத் தீரும். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, போய்ப் பாருங்கள், இந்த வட்டாரத்துச் சோற்றுக்கு அதுதான் மூத்த மரம் என்றார். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், தோட்டத்து வரிசை வீடான லயத்தை இரவோடிரவாகக் காலி செய்துகொண்டு போன குடும்பங்களின் பக்கங்கள் தீராமலே நின்றுவிட்டன என்றும், அவற்றை அவர் தந்தை கடைசி வரை எரிக்கவில்லை என்றும் சொன்னார். தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களைத் தாங்களே வாங்கவென்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1919-இல் பிறந்தது இந்தச் சுங்கை சிப்புட்டில்தான் என்று சொல்லும்போது, பங்காளியைப் பற்றிப் பேசுவது போன்ற பெருமை அவர் குரலில் இருந்தது. இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே துவரம் பருப்பைக் கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டிருந்தார். தராசைப் பார்க்காமலே கை நிறுத்திய அளவு ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு கிராம்தான் முன்பின்.

சரக்கைப் பற்றிய என் தீர்ப்பு கலவையானது. பொன்னி அரிசி 5 கிலோப் பையில் கிடைக்கிறது, கல் இல்லை, வடித்தால் நன்றாக நிற்கிறது. இட்லி அரிசியும் உருட்டு உளுந்தும் உண்டு. உளுந்து புதியது, நன்றாகவே காண்கிறது. புளி, வரமிளகாய், மல்லி, வெந்தயம், கருப்பட்டி எல்லாம் இருக்கின்றன. ஆகவே புதிதாக வருபவர்கள் விமானத்தின் எடை அளவை இவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம். நான் நான்கு கிலோ புளியைச் சுமந்து வந்து ஏமாந்தவள். பாபாஸ் மீன் மசாலாத்தூள் இந்நாட்டுத் தமிழர் வீடுகளில் ஏன் இத்தனை செல்வாக்குடன் இருக்கிறது என்பது ஒருமுறை குழம்பு வைத்ததும் தெரிந்துவிட்டது. ஊரில் அம்மா அரைக்கும் பொடிக்கு அது மாற்றாகாது, ஆனால் இங்கே கிடைக்கும் கடல் மீனுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் அதுதான் பொருந்துகிறது. பங்கோர் தீவு நெத்திலிக் கருவாட்டை அவசியம் வாங்க வேண்டும். மணலே இல்லாத கருவாட்டை நான் இங்கேதான் பார்த்தேன்.

காப்பித்தூளில் நானே கெட்டேன். இது சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்தது, உங்கள் பித்தளை வடிகட்டிக்கு ஆகாது, துணிப்பையில் ஊற்றிக் கோப்பி ஓ என்னும் பாலில்லாக் காப்பி போடத்தான் சரி என்று அவர் சொல்லியும், கருகருவென்று இருக்கிறதே, டிக்காஷன் கெட்டியாக இறங்கும் என்று நம்பி வாங்கினேன். இறங்கியது கருப்பு நீர். மணம் காப்பியுடையது, சுவை தீய்ந்த வெல்லப்பாகுடையது. பாதித் தூளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திருப்பி வாங்கவில்லை. கம்பி வளையத்தில் தைத்த துணி வடிகட்டி ஒன்றை 3.50 வெள்ளிக்குக் கொடுத்தார். இப்போது மாலையில் அதில்தான் கோப்பி ஓ குடிக்கிறோம், காலைக்கு மட்டும் கும்பகோணம் தூள் யாராவது ஊரிலிருந்து வரும்போது வர வேண்டியிருக்கிறது. பெட்டியில் இடம் இருந்தால் புளிக்குப் பதில் அதை நிரப்புங்கள்.

குறைகள் உண்டு, அவற்றை மறைத்தால் இது மதிப்புரை ஆகாது. முதலாவது, பாதிப் பொருள்களின் மேல் விலை ஒட்டப்பட்டிருக்காது. எல்லா விலையும் கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் போனால் கடைப் பையன் சொல்வது ஒன்று, அவர் மனைவி சொல்வது ஒன்று. பெருங்காயம் ஒரே வாரத்தில் இரண்டு விலைக்கு எனக்கு விற்கப்பட்டது. புத்தகத்தை விரித்துக் காட்டிய பிறகு வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டார்கள். விலை ஒட்ட ஓர் ஆள் வைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்று சொன்னேன். சிரித்தாரே தவிர ஒட்டவில்லை.

இரண்டாவது, பழைய சரக்கு. அடித்தட்டில் இருக்கும் அப்பளக் கட்டுகளையும் சேமியாவையும் தேதி பார்க்காமல் எடுக்கக் கூடாது. ஒருமுறை விளிம்பு நசுங்கிய பால் டின் ஒன்றைக் காட்டி, இதை எப்படி விற்கிறீர்கள் என்று கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்; ஆனால் கொடுக்கும்போது, தம் தாத்தா காலத்தில் நல்ல டின்னைக்கூட ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டியிருந்தது என்றார். 1948 ஜூன் 16 அன்று இந்த ஊரை ஒட்டிய தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது; அது பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராதிருக்க, வாங்கியவர் சேமித்து வைக்க முடியாதபடி டின்களைத் துளைத்துக் கொடுக்கும்படி அரசு கடைக்காரர்களைக் கட்டாயப்படுத்தியதாம். வாங்கிய அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் அழுவார்கள் என்று தாத்தா சொல்வாராம். கேட்க மனம் கனத்தது. ஆனாலும் நசுங்கிய டின்னுக்கு அது சமாதானம் அல்ல.

மூன்றாவது குறையைச் சற்று வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். இந்தக் கடையில் நீங்கள் வாங்குவது உங்களுக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக இருக்காது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று மாங்காய் ஊறுகாயும், அசாம் போய் என்று இங்கே சொல்லும் உப்பும் புளிப்புமான உலர்ந்த பழமும் வாங்கினேன். மறுநாள் காலை துணி உலர்த்தும்போது பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார். மாலைக்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பும், 'கனமான வாளியைத் தூக்காதே' என்ற அறிவுரையும் வந்து சேர்ந்தன. குழம்பு அருமையாக இருந்தது. ஆனால் அந்தச் செய்தி வதந்திதான் என்று தெருவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. துறையூருக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இன்னும் விளங்கவில்லை. கடைக்காரரின் மனைவியிடம் நேராகவே போய், "ஆன்ட்டி, இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டேன். தாம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, புளிப்பு வாங்கியதை மட்டும்தான் சொன்னதாகச் சொன்னார். மருந்துப் பொருள், பெண்களுக்கான பொருள் போன்றவற்றை நான் இப்போது பேரங்காடியில் வாங்கிக்கொள்கிறேன். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது.

காய்கறிக்கும் இது சரியான இடம் அல்ல. கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோசும் தக்காளியும் இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு நாள் வாடிவிடுகின்றன. காலைச் சந்தையில் அதே விலைக்குப் பசுமையாகக் கிடைக்கும். கறிவேப்பிலையை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள். தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளில் வாசலுக்கு ஒரு மரம் நிற்கிறது, கேட்டால் கிளையாகவே ஒடித்துத் தருகிறார்கள். இதையும் எனக்குச் சொன்னவர் கறிவேப்பிலை விற்கும் இந்தக் கடைக்காரரேதான்.

கணவரின் முதல் சம்பளம் வந்த அன்று எங்கள் பக்கத்தைக் கூட்டினோம்: 312.40 வெள்ளி. என் கூட்டலில் 318 என்று வந்திருந்தது. ஒரு சாம்பார்ப்பொடியை நான் இருமுறை எழுதியிருந்ததை அவர் கண்டுபிடித்துத் தள்ளினார். கடன் வசதியைப் புதியவர்கள் எல்லாரும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். எனக்குப் பின் வந்த வேறொரு குடும்பத்துக்கு அவர் கொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். யாருக்குக் கொடுக்கிறார், யாருக்கு மறுக்கிறார் என்பதற்கு எந்த எழுத்து விதியும் இல்லை, கேட்டால் சொல்வதும் இல்லை. இதை ஒரு குறையாகக் கருதுபவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கடை காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. பகல் ஒன்று முதல் மூன்றரை வரை கதவடைப்பு, அதை வெளியில் எங்கும் எழுதி வைக்கவில்லை. இரவு ஒன்பதுக்கு மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பூசைச் சாமான் கூட்டம் அதிகம், மற்றவர்கள் அன்று தவிர்க்கலாம். பையைக் கையில் கொண்டு போங்கள். சில்லறையாக 5 சென் நாணயங்கள் கொடுத்தால் கல்லாவில் இருப்பவரின் முகம் மலர்கிறது. தேங்காய்க்கு மட்டும் எட்டு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும். அதற்குப் பின் கோயில்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் துருவத் தொடங்கிவிட்டால் ஒற்றைத் தேங்காய்க்காரர்கள் அஞ்சடியில் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.